4 அங்குல ஃபுல் ரேஞ்ச் டிரைவருக்கு எந்தப் பெட்டி? மூடிய பெட்டி, போர்ட் பெட்டி, நெடுங்குழாய், ஹார்ன்

#1 நாலங்குலம்

வணக்கம். 4 அங்குலப் பேப்பர் கோன் ஃபுல் ரேஞ்ச் டிரைவர் (பாஸ் முதல் ட்ரெபிள் வரை ஒரே கோன்) ஒரு ஜோடி இருக்கிறது, 8 ஓம். தாளில் போட்டிருக்கும் அளவுகள்: எஃப்.எஸ். (கோன் இயல்பாக அதிரும் அதிர்வெண்) 68 ஹெர்ட்ஸ், க்யூ.டி.எஸ். (அந்த அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்பதன் எண்) 0.36, வி.ஏ.எஸ். (கோனைத் தாங்கும் சஸ்பென்ஷனின் விறைப்புக்கு இணையான காற்றின் கொள்ளளவு) 8.5 லிட்டர், ஆர்.ஈ. (காயிலின் டி.சி. மின்தடை) 6.6 ஓம், எக்ஸ்மேக்ஸ் (கோன் ஒழுங்காக அசையக்கூடிய தூரம்) ஒரு பக்கத்துக்கு 2.5 மி.மீ. ஆம்ப் 15 வாட் டிரான்சிஸ்டர். கேட்கும் தூரம் 2.5 மீட்டர். ட்வீட்டரும் சப்வூஃபரும் சேர்க்கப் போவதில்லை.

வரைபடம் தேடினால் ஒரே டிரைவருக்கு ஐந்து விதமான பெட்டி கிடைக்கிறது. 3 லிட்டர் மூடிய பெட்டியும் இருக்கிறது, ஆள் உயர ஹார்னும் இருக்கிறது. எதை வைத்து முடிவு செய்வது? ரூட்டர், கிளாம்ப் எல்லாம் உண்டு. வேலை அதிகமானாலும் சரிதான், ஆனால் அந்த வேலைக்குப் பலன் இருக்க வேண்டும்.

#2 அலைநீளம்

தாளில் இருக்கும் எண்களை வைத்து மரம் அறுக்காதீர்கள். முதலில் அளந்துவிடுங்கள், பெரிய வேலை இல்லை.

சவுண்ட் கார்டின் ஹெட்ஃபோன் வெளியீடு, 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, இரண்டு சேனல் லைன் இன், ஆர்.இ.டபிள்யூ. என்ற ஒலி அளக்கும் மென்பொருள். இவ்வளவு போதும். டிரைவரைச் செங்குத்தாக, அசையாமல் பிடித்து வைத்து இம்பீடன்ஸ் வரைபடம் (ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் டிரைவரின் மின்தடை எவ்வளவு என்பது) எடுங்கள். உச்சம் எங்கே வருகிறதோ அதுதான் எஃப்.எஸ். மேசைமேல் மல்லாக்கப் போட்டு அளந்தால் மேக்னெட்டின் பின்துளை அடைபட்டு எண் மாறும்.

அடுத்தது வி.ஏ.எஸ். கோனின் நடுவில் 3 கிராம் களிமண் பசையைச் சமமாக ஒட்டி மறுபடி அளங்கள். புது உச்சம் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். பழைய எஃப்.எஸ்.ஸைப் புதியதால் வகுத்து, வர்க்கம் எடுத்து, ஒன்றைக் கழியுங்கள். ஒட்டிய எடையை அந்த எண்ணால் வகுத்தால் கோனின் அசையும் எடை. மீதியை மென்பொருள் கணக்கிடும், ஆனால் எஸ்.டி. அதாவது கோன் பரப்பு நீங்கள் கொடுக்க வேண்டும். விட்டத்தை ஒரு பக்க சரவுண்டின் (கோனைச் சுற்றியுள்ள மடிப்பு வளையத்தின்) நடுவிலிருந்து மறுபக்க சரவுண்டின் நடுவரை அளக்க வேண்டும். ஃபிரேம் விட்டத்தைப் போட்டால் பரப்பு கூடிப்போகும். பரப்பின் வர்க்கம்தான் வி.ஏ.எஸ்.ஸில் வருகிறது என்பதால் பிழை இரட்டிப்பாகும்.

#3 நாலங்குலம்

அளந்தாயிற்று. எஃப்.எஸ். 75. 3 கிராம் ஒட்டினால் 52. நடுவிலிருந்து நடுவரை விட்டம் 8.4 செ.மீ., அதாவது 55 சதுர செ.மீ. அசையும் எடை 2.8 கிராம், வி.ஏ.எஸ். சுமார் 7 லிட்டர். க்யூ.எம்.எஸ். (க்யூவின் இயந்திரப் பங்கு) 4, க்யூ.ஈ.எஸ். (மின் பங்கு) 0.44, இரண்டும் சேர்ந்த க்யூ.டி.எஸ். 0.40. இரண்டு டிரைவரும் ஒன்றுக்கொன்று 3 சதவீதத்துக்குள் இருக்கின்றன. தாளுக்கும் இதற்கும் இவ்வளவு வித்தியாசம் வருமா? டிரைவரில் கோளாறா?

#4 அலைநீளம்

கோளாறு இல்லை. எஃப்.எஸ்.ஸைக் க்யூ.டி.எஸ்.ஸால் வகுத்துப் பாருங்கள். தாளில் 189, அளவில் 187.5. இரண்டும் ஒன்றுதான். மேக்னெட்டும் கோன் எடையும் சொன்னபடியே இருக்கின்றன, சஸ்பென்ஷன் மட்டும் கொஞ்சம் விறைப்பு. புது டிரைவரில் இது வழக்கம். விறைப்பு கூடினால் எஃப்.எஸ். ஏறும், க்யூ ஏறும், வி.ஏ.எஸ். இறங்கும். மூன்றும் சேர்ந்தே நகர்வதால் பெட்டிக் கணக்கு அதிகம் மாறாது.

மூடிய பெட்டியில் இதைச் சரிபார்க்கலாம். மொத்த க்யூ 0.707 வேண்டுமானால், 0.707ஐ க்யூ.டி.எஸ்.ஸால் வகுத்து, வர்க்கம் எடுத்து, ஒன்றைக் கழித்து, வி.ஏ.எஸ்.ஸை அதனால் வகுக்க வேண்டும். உங்கள் எண்ணில் 3.3 லிட்டர், தாளின் எண்ணில் 3 லிட்டர். இரண்டிலும் பாஸ் 133 ஹெர்ட்ஸ் அருகிலேயே 3 டெசிபல் இறங்கிவிடுகிறது.

உங்கள் கேள்விக்கு முதல் பதிலும் இதிலேயே இருக்கிறது. சப்வூஃபர் வேண்டாம் என்கிறீர்கள், அப்படியானால் மூடிய பெட்டி போதாது. 133 ஹெர்ட்ஸில் இறங்கும் ஸ்பீக்கரில் ஆண் குரலே மெலிந்து கேட்கும். ஈக்வலைசரில் தூக்கலாமே என்று தோன்றும். அங்கே எக்ஸ்மேக்ஸ் தடுக்கிறது. மூடிய பெட்டியில் ஒரே சத்தத்துக்குக் கோன் அசைவு ஒவ்வொரு ஆக்டேவ் கீழே போகும்போதும் நான்கு மடங்காகும். 55 சதுர செ.மீ. கோன் 2.5 மி.மீ. அசைந்தால் 120 ஹெர்ட்ஸில் 1 மீட்டரில் 94 டெசிபல் கிடைக்கும். 60 ஹெர்ட்ஸில் அதே அசைவுக்கு 82தான். ஆம்ப் எத்தனை வாட் என்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை.

போர்ட் பெட்டி (குழாய்த் துளை வைத்த பெட்டி) என்றால் வழக்கமான கணக்கில் 7.5 லிட்டர், டியூனிங், அதாவது போர்ட்டின் காற்று ஒத்ததிரும் அதிர்வெண், 72 ஹெர்ட்ஸ். 70 ஹெர்ட்ஸ் வரை ஓரளவு சமமாகப் போகும். 5 செ.மீ. உள்விட்டக் குழாய் போட்டால் நீளம் 11.5 செ.மீ., 4 செ.மீ. குழாயானால் 7 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. எந்தப் பெட்டியை யோசித்தாலும் இதை ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். இதைவிட அதிக மரமும் வேலையும் கேட்கும் வடிவம், இதைவிட எவ்வளவு தருகிறது என்று கேட்க வேண்டும்.

#5 கொம்பன்

ஃபுல் ரேஞ்ச் என்றாலே பின்பக்க ஹார்ன்தான் (கோனின் பின் ஒலி விரிந்துகொண்டே போகும் குழாய் வழியாக வெளியே வரும் பெட்டி), அதை இப்படி ஒதுக்கிவிடக் கூடாது. கோன் அசைவே குறைந்துபோகும், நடு ஒலி தெளிவாக இருக்கும். சின்ன கோன் பெரிய அறையை நிரப்புவதை ஒருமுறை கேட்டால் விட மனசு வராது. 4 அங்குலத்துக்கு எத்தனையோ வரைபடம் இருக்கிறது. 18 மி.மீ. பிளைவுட்டில் செய்யுங்கள், உழைப்பு வீண் போகாது.

#6 அலைநீளம்

கொம்பன், ஹார்னின் அழகில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் இந்த டிரைவருக்கு அது பொருந்துமா?

மேக்னெட் வலுவான டிரைவர், எஃப்.எஸ்.ஸைக் க்யூ.டி.எஸ்.ஸால் வகுத்து வரும் அதிர்வெண்ணுக்குக் கீழே தானாகவே சாயத் தொடங்கும். க்யூ.டி.எஸ். 0.25 இருந்தால் 300 ஹெர்ட்ஸிலிருந்து சாயும். பின் ஹார்ன் அந்தப் பள்ளத்தை நிரப்புகிறது, அதனால் இரண்டும் பொருந்துகின்றன. இந்த டிரைவரோ 187 வரை தானே தாங்கி நிற்கிறது. அதன்மேல் ஹார்னும் சேர்ந்தால் 100 முதல் 200 வரை மேடு. குரல் பானைக்குள்ளிருந்து வருவது போல இருக்கும்.

அளவையும் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் வரை உண்மையாக ஹார்னாக வேலை செய்ய, வாயின் (ஒலி வெளிவரும் அகல முனையின்) சுற்றளவு ஓர் அலைநீளம் இருக்க வேண்டும், அதாவது 5.7 மீட்டர். பரப்பு 2.6 சதுர மீட்டர். அறை மூலையில் வைத்தால் எட்டில் ஒரு பங்கு போதும், அப்போதும் 0.33 சதுர மீட்டர். வீட்டில் வைக்கும் அளவில் வரும் வடிவங்களின் வாய் இதற்குப் பக்கத்திலேயே வராது. அவை பாதி ஹார்ன், பாதி கால் அலைக் குழாய் (நீளம் அலைநீளத்தில் கால் பங்காகும் இடத்தில் ஒத்ததிரும் குழாய்). அதனால்தான் ஏற்ற இறக்கம் அதிகம்.

#7 கொம்பன்

வாய் அளவுக் கணக்கு சரி. மூலைதான் ஹார்னுக்கு இடம், அதை மறுக்கவில்லை. ஆனால் மேடு வருவதற்குப் பாதிக் காரணம் டிரைவருக்குப் பின்னால் உள்ள அறையைச் சின்னதாக வைப்பது. அந்த அறையும் தொண்டையும் (ஹார்னின் குறுகிய தொடக்கம்) சேர்ந்துதான் ஹார்னுக்குள் எந்த அதிர்வெண் வரை போகலாம் என்று வெட்டுகின்றன. தொண்டை 40 சதுர செ.மீ., அறை 1.1 லிட்டர் என்றால் 200 ஹெர்ட்ஸுக்கு மேல் குறையத் தொடங்கும். வரைபடத்தில் ஒரு டிரைவருக்குப் போட்ட அறையை அப்படியே வேறு டிரைவருக்கு வைத்தால் குரல் கெடும். இன்னொன்று, 2.5 மீட்டர் பாதை என்றால் பின் ஒலி 7 மில்லி செகண்ட் தாமதமாக வரும், அது ஹார்னோடு பிறந்தது, போகாது.

க்யூ.டி.எஸ். 0.40 என்று அளந்த பிறகு இந்த டிரைவருக்கு நானும் ஹார்ன் சொல்ல மாட்டேன். 0.30க்குக் கீழே, லேசான கோன், மூலை இரண்டும் காலி. இந்த மூன்றும் இருப்பவர்கள் தயங்காமல் ஹார்ன் செய்யலாம்.

#8 நாலங்குலம்

அப்படியானால் 7.5 லிட்டர் போர்ட் பெட்டியோடு நிறுத்திவிடலாமா? அடியில் போர்ட் வைத்த நெடுங்குழாய் நல்லது என்கிறார்களே, அதில் என்ன கூடுதல்? திறந்த பேஃபிள் என்று ஒரு பலகையில் மாட்டிவிடுவதையும் பார்த்தேன்.

#9 அலைநீளம்

திறந்த பேஃபிளை விட்டுவிடுங்கள். முன் ஒலியும் பின் ஒலியும் ஒன்றையொன்று அழிப்பதால் பாஸுக்குக் கோன் பரப்பும் 0.7 அளவு க்யூவும் வேண்டும். இந்த டிரைவரிடம் இரண்டும் இல்லை.

நெடுங்குழாய் விஷயம் வேறு. உங்களுக்கு என் பரிந்துரை அதுதான். உள் உயரம் 90 செ.மீ., குறுக்குப் பரப்பு 143 சதுர செ.மீ., மொத்தம் 12.9 லிட்டர். மேல் முனை மூடியது, கீழ் முனையில் போர்ட். போர்ட் இல்லாமல் கீழே திறந்து விட்டால் கால் அலைக் கணக்கில் 95 ஹெர்ட்ஸ். போர்ட்டில் உள்ள காற்றின் எடை அதை 55க்கு இறக்குகிறது. அதே 55ஐப் போர்ட் இல்லாமல் பெற 1.56 மீட்டர் குழாய் வேண்டும்.

பலர் இங்கே தவறுவது போர்ட் நீளத்தில். பெட்டிக்கான சூத்திரத்தில் 12.9 லிட்டர், 55 ஹெர்ட்ஸ், 5 செ.மீ. குழாய் என்று போட்டால் 11.5 செ.மீ. என்று வரும். அதை வெட்டி வைத்தால் டியூனிங் 48க்குப் போய்விடும். பெட்டிக் கணக்கு உள்ளே இருக்கும் காற்றை வெறும் ஸ்பிரிங்காக எடுத்துக்கொள்கிறது. 90 செ.மீ. குழாயில் காற்றே ஓடுகிறது, அதன் எடையும் போர்ட்டோடு சேர்கிறது. குழாய்க் கணக்கில் சரியான நீளம் 7 செ.மீ. ஹார்ன்ரெஸ்ப் என்ற மென்பொருளில் பகுதி பகுதியாக உள்ளிட்டால் இது தானாக வரும். பெட்டிக்கு மட்டுமான மென்பொருளில் வராது.

டிரைவர் இருக்கும் இடமும் முக்கியம். இந்தக் குழாயில் அடுத்த ஒத்ததிர்வு 210 ஹெர்ட்ஸில், அதற்கடுத்தது 390 அருகில். 210ஐத் தூண்டாமல் இருக்க டிரைவர் மேல் முனையிலிருந்து 41 செ.மீ.யில் இருக்க வேண்டும். 390க்கு 22 செ.மீ. இரண்டுக்கும் நடுவில் 31 செ.மீ., அதாவது நீளத்தில் 0.35. மிச்சத்தைப் பஞ்சு பார்த்துக்கொள்ளும்.

#10 தச்சுமேசை

143 சதுர செ.மீ.ன்னதும் 12க்கு 12ன்னு சதுரமா செஞ்சிடாதீங்க. அகலமும் ஆழமும் ஒண்ணா இருந்தா ரெண்டு எதிரொலியும் 1430 ஹெர்ட்ஸ்லயே வந்து விழும், குரல் இருக்கிற இடம். அகலம் 13, ஆழம் 11 வைங்க. 1320, 1560ன்னு பிரிஞ்சிடும், பரப்பு அதே 143. பின்சுவர்ல டிரைவருக்கு நேரா 10 மி.மீ. கம்பளி ஃபெல்ட் ஒட்டுங்க.

18 மி.மீ. எம்.டி.எஃப்., ஒரு பெட்டிக்கு: முன், பின் பலகை 166க்கு 936 மி.மீ. ரெண்டு. பக்கப் பலகை 110க்கு 936 ரெண்டு. மேல், கீழ் 130க்கு 110 ரெண்டு. வெளி அளவு 166 அகலம், 146 ஆழம், 936 உயரம். காலிப் பெட்டியே ஏழு கிலோவுக்கு மேல வரும்.

2440க்கு 1220 பலகைல நீளவாக்குல 936, 1220 பக்கத்துல நாலு 166ம் நாலு 110ம் அடுக்குனா 1104. ரம்பம் தின்னுற 3 மி.மீ. எட்டு தடவை சேர்த்து 1128. ஜோடிக்கு வேண்டிய எட்டு நீளப் பலகையும் பாதிப் பலகைல முடிஞ்சுது. மேல், கீழ் துண்டு மட்டும் 936க்கு அப்புறம் மீதி இருக்கிற பலகைல எடுக்கணும், மிச்சம் 92 மி.மீ. பட்டைல அது வராது. நீளப் பலகை எல்லாத்தையும் ரம்ப வேலிய நகத்தாம ஒரே அமைப்புல அறுங்க. 166 எல்லாம் ஒரு தடவை, 110 எல்லாம் ஒரு தடவை. அரை மி.மீ. வித்தியாசம் வந்தா மூலைல காத்து ஒழுகும்.

இதுல யாரும் கவனிக்காத ஒண்ணு டிரைவர் துளையோட உள்விளிம்பு. சின்ன டிரைவர் 18 மி.மீ. பலகைல உக்காந்தா கோன் பின்னாடி ஒரு சின்ன சுரங்கம் ஆயிடுது. பின் ஒலி அங்கயே முட்டித் திரும்பி கோன் வழியாவே வெளிய வரும். உள்பக்கம் 45 டிகிரி சரிவு பிட்டால 12 மி.மீ. வரைக்கும் சீவுங்க. திருகு வர்ற நாலு இடத்துல மட்டும் விட்டுடுங்க, அங்க மரம் வேணும்.

#11 நாலங்குலம்

தச்சுமேசை அண்ணா, பிளைவுட்டா எம்.டி.எஃப்.பா? உள்ளே குறுக்குத் தாங்கி வேண்டுமா?

#12 தச்சுமேசை

ரெண்டும் நல்லாதான் இருக்கும் தம்பி. எம்.டி.எஃப். சமமா இருக்கும், ரூட்டருக்கு இதம், விளிம்பு ஈரம் குடிக்கும், திருகு ரெண்டாம் தடவை கழட்டி மாட்டுனா பிடிப்பு போயிடும். பிர்ச் பிளைவுட் திருகு பிடிக்கும், லேசு. அகலம் 13 செ.மீ. தானே, இவ்வளவு குறுகலான பலகைக்கு 18 மி.மீ. தானா விறைப்பா நிக்கும். பக்கத்துக்குப் பக்கம் ஒரே ஒரு குச்சி, 18க்கு 18, கீழேர்ந்து 38 செ.மீ. உயரத்துல. சரி நடுவுல வைக்காதீங்க, பலகைய ரெண்டு சமப் பாதியா பிரிக்கக் கூடாது. முழு அகலப் பலகைத் துண்டு வச்சு குழாய அடைக்கவும் கூடாது.

பி.வி.ஏ. பசை போதும். வழிஞ்சு உள்மூலைல காயற பசைதான் காத்து ஒழுகாம காக்குது, தொடைக்காதீங்க. சிலிக்கான் பூசறதா இருந்தா புளிப்பு வாசம் வராத வகை வாங்குங்க. புளிப்பு வகை காயும்போது வர்ற ஆவி உலோகத்த அரிக்கும். எது பூசினாலும் முழுசா காஞ்ச பிறகுதான் டிரைவர் மாட்டணும். டிரைவருக்கு அடில 3 மி.மீ. மூடிய துளை ஃபோம் பட்டை. 4 மி.மீ. திருகுக்கு 2.5 மி.மீ. துளை முன்னாடியே போட்டு, தூசிய ஊதிட்டு, அப்புறம் டிரைவர். கைத்திருப்புளியால மட்டும் முடுக்குங்க, ஒரு கை கோன் மேல மறைப்பா இருக்கட்டும். மேக்னெட் இரும்பு முனைய இழுத்துச்சுன்னா கோன்ல ஓட்டைதான். எம்.டி.எஃப். தூசிக்கு முகமூடி கட்டாயம்.

#13 குமிழ்விளக்கு

ஆம்பைப் பற்றி யாரும் பேசவில்லை. வால்வு ஆம்பில் வெளியீட்டு மின்தடை 2 ஓம் இருக்கலாம். அது ஆர்.ஈ.யோடு தொடரில் சேர்கிறது. உங்கள் 6.6, 8.6 ஆகும், க்யூ.ஈ.எஸ். 0.44இலிருந்து 0.58, க்யூ.டி.எஸ். 0.40இலிருந்து 0.51. இந்த எண்ணை வைத்துப் போர்ட் பெட்டிக் கணக்கைத் திரும்பப் போட்டால் 7.5 லிட்டர் என்றது கிட்டத்தட்ட 15 லிட்டர் ஆகிறது, டியூனிங் 72இலிருந்து 58க்கு இறங்குகிறது. டிரைவர் அதே, பெட்டி இரட்டிப்பு. ஒருவர் வீட்டில் அருமையாக இருக்கும் வரைபடம் இன்னொருவரிடம் வற்றிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

12.9 லிட்டர் என்பது 0.48 அளவு க்யூவுக்கு ஒத்து வரும் அளவு. டிரான்சிஸ்டர் ஆம்பில் 60 முதல் 120 வரை மெதுவாகச் சாயும், சுவர் அருகில் வைத்தால் அது சரியாகிவிடும். போதவில்லை என்றால் 1 ஓம், 10 வாட் ரெசிஸ்டரைத் தொடரில் போட்டுக் கேட்டுப் பாருங்கள். பெட்டியைத் தொடாமல் செய்யக்கூடிய திருத்தம் அது. மேல் அதிர்வெண்களும் கொஞ்சம் தூக்கும், ஏனென்றால் காயிலின் இண்டக்டன்ஸால் இம்பீடன்ஸ் அங்கே ஏறுகிறது. பிடித்தால் வையுங்கள், பிடிக்காவிட்டால் கழற்றிவிடுங்கள்.

#14 அமைதிஅறை

16.6 செ.மீ. அகல முகப்பு என்றால் பேஃபிள் ஸ்டெப் வரும். 115ஐ மீட்டரில் உள்ள அகலத்தால் வகுத்தால் 690 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே ஒலி முன்பக்கம் மட்டும் போகிறது, கீழே பெட்டியைச் சுற்றி வளைந்து எல்லாப் பக்கமும் பரவுகிறது. திறந்த வெளியில் வித்தியாசம் 6 டெசிபல். ஒல்லியான பெட்டியில் ஃபுல் ரேஞ்ச் டிரைவர் கத்துகிறது என்று புகார் சொல்பவர்களில் பலருக்கு இதுதான் காரணம். டிரைவரை மாற்றுவார்கள், கேபிளை மாற்றுவார்கள், அது அப்படியே இருக்கும்.

திருத்தம் எளிது. ஒரு காயிலையும் ரெசிஸ்டரையும் ஒன்றுக்கொன்று இணையாகக் கட்டி, டிரைவரோடு தொடரில் வையுங்கள். முழு 6 டெசிபலுக்கு 8 ஓம், 1.3 மில்லிஹென்றி. அறைக்குள் அவ்வளவு தேவைப்படாது, பின்சுவர் கொஞ்சம் திருப்பித் தருகிறது. 4 ஓம், 10 வாட், 1.2 மில்லிஹென்றியில் தொடங்குங்கள், மூன்றரை டெசிபல் குறைக்கும். காயில் காற்று உள்ளகம் கொண்டதாகவும் அதன் மின்தடை அரை ஓமுக்குள்ளும் இருக்கட்டும். அந்த அரை ஓம் பாஸ் க்யூவை 0.40இலிருந்து 0.43க்கு ஏற்றும், குமிழ்விளக்கு சொன்ன திசையில்தான், நல்லதே. டிரைவரின் உணர்திறன் 90 டெசிபல் அருகில் வருகிறது, திருத்தத்துக்குப் பின் 86. இரண்டரை மீட்டருக்கு 15 வாட் தாராளம்.

வைக்கும் இடம்: முகப்பிலிருந்து பின்சுவருக்கு 60 செ.மீ. இருந்தால் 143 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் விழும். 30 செ.மீ.க்குள் கொண்டுவந்தால் அது 280க்கு மேலே போய்விடும், அங்கே ஒலி ஓரளவு முன்னோக்கித்தான் போகிறது, பள்ளமும் ஆழம் குறையும். போர்ட்டை முன்பலகையில் வைப்பதால் சுவருக்கு நெருங்குவதில் சிக்கல் இல்லை.

#15 நாலங்குலம்

டிரைவர் உள் மேல்முனையிலிருந்து 31 செ.மீ. என்றால் தரையிலிருந்து 61 செ.மீ. உயரம்தான் வருகிறது. உட்கார்ந்தால் காது 95 செ.மீ. இந்த டிரைவருக்கு மேல் அதிர்வெண் நேர்கோட்டில்தான் போகும் என்கிறார்கள். டிரைவரை மேலே ஏற்றலாமா?

#16 அலைநீளம்

22 செ.மீ.க்கு ஏற்றலாம், 70 செ.மீ. உயரம் கிடைக்கும், 210 ஹெர்ட்ஸ் ஒத்ததிர்வு கூடுதலாகத் தூண்டப்படும், அதை அடக்கப் பஞ்சு அதிகம் போட வேண்டும், பஞ்சு அதிகமானால் போர்ட்டின் வேகம் குறையும். நான் ஏற்ற மாட்டேன்.

#17 அமைதிஅறை

சாய்த்துவிடுங்கள். 34 செ.மீ. உயர வித்தியாசம், 2.5 மீட்டர் தூரம், கோணம் 8 டிகிரிக்குள். 14.6 செ.மீ. ஆழமுள்ள அடிக்கு முன்விளிம்பை 2 செ.மீ. உயர்த்தினால் போதும்.

ஆனால் அப்படியே ஒரு கட்டையை மட்டும் வைத்தால் விழும். 94 செ.மீ. உயரப் பெட்டி, எடை மையம் நடுவில். 8 டிகிரி சாய்ந்தால் மையம் 6 செ.மீ.க்கு மேல் பின்னால் போகிறது, அடியின் பாதி 7.3 தான். குழந்தை தொட்டால் கவிழும். 25க்கு 30 செ.மீ. அடிப்பலகை செய்து, நீண்ட பக்கம் பின்னோக்கி இருக்கும்படி, கீழிருந்து திருகிவிடுங்கள். இல்லாவிட்டால் 30 செ.மீ. ஸ்டாண்ட், சாய்வே தேவையில்லை, ஆனால் அதற்கும் அகலமான அடி வேண்டும்.

பக்கவாட்டில் முழுவதும் முகத்தை நோக்கித் திருப்ப வேண்டாம். 8.4 செ.மீ. கோன் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் நன்றாகக் குவியும். நேர்கோட்டில் மேல்பகுதி கூர்மையாகத் தெரிந்தால் 10, 15 டிகிரி வெளியே திருப்புங்கள். ரெசிஸ்டர் மாற்றுவதற்கு முன் இதை முயலுங்கள்.

#18 நாலங்குலம்

பெட்டிகள் ஒட்டி முடிந்தன. பஞ்சு எவ்வளவு, போர்ட்டை எந்த நீளத்தில் தொடங்குவது, டியூனிங்கை எப்படிச் சரிபார்ப்பது?

#19 அலைநீளம்

பஞ்சு: பாலியஸ்டர், லிட்டருக்கு 8 கிராம். மேல் முனையிலிருந்து 60 செ.மீ. வரை, அது 8.6 லிட்டர், ஆக 70 கிராம். நன்றாகப் பிரித்து, கட்டியில்லாமல் நிரப்புங்கள். டிரைவருக்கு நேர் பின்னால் இறுக்கக் கூடாது. கீழ் 30 செ.மீ. காலியாக இருக்கட்டும், பஞ்சு சரிந்து விழாமல் ஒரு மெல்லிய வலையை உங்கள் குறுக்குக் குச்சியில் கட்டிவிடுங்கள். போர்ட் வாயில் ஒரு இழை போனாலும் டியூனிங் மங்கும்.

போர்ட்: 5 செ.மீ. உள்விட்ட பி.வி.சி. குழாய், முன்பலகையில், உள் அடியிலிருந்து துளை மையம் 6 செ.மீ. இடம் மிச்சம் என்று 3 செ.மீ. குழாயை நினைக்க வேண்டாம். 55 ஹெர்ட்ஸில் 90 டெசிபலுக்கு 5 செ.மீ. குழாயில் காற்று நொடிக்கு 7 மீட்டர் வேகம், 3 செ.மீ. குழாயில் 19. 17ஐத் தாண்டினால் ஊதும் சத்தம் கேட்கும்.

நீளம் 8.5 செ.மீ.யில் தொடங்குங்கள். கணக்கில் அது 52.5 ஹெர்ட்ஸ், 7 செ.மீ.க்கு 55. ஒரு செ.மீ. வெட்டினால் ஒன்றரை ஹெர்ட்ஸுக்குச் சற்று மேல் ஏறும். 10 செ.மீ.யில் தொடங்கினால் குழாயின் உள்முனை பின்சுவருக்கு 3 செ.மீ. அருகில் போய்விடும். அந்த இடுக்கும் போர்ட்டின் பகுதியாகிவிடுவதால் அளவு ஏமாற்றும். குழாயை இப்போது ஒட்ட வேண்டாம், டேப் சுற்றி இறுக்கமாகச் செருகுங்கள்.

இம்பீடன்ஸ் வரைபடம் எடுத்தால் இரண்டு மேடு, நடுவில் ஒரு பள்ளம் வரும். பள்ளத்தின் அடிதான் டியூனிங். பள்ளம் ஆர்.ஈ.க்கு அருகில், 7 முதல் 8 ஓமுக்குள் இறங்க வேண்டும். மேலேயே நின்றால் ஒன்று காற்று ஒழுகுகிறது, அல்லது பஞ்சு கீழே வந்துவிட்டது. ஒழுகலுக்குச் சோதனை: போர்ட்டை உள்ளங்கையால் அடைத்து, கோனை விரல்களால் சமமாக மெல்ல உள்ளே தள்ளி விடுங்கள். மெதுவாகத் திரும்பினால் சரி, சட்டென்று எழுந்தால் எங்கோ ஓட்டை. டெர்மினல் தட்டைச் சுற்றித்தான் பெரும்பாலும் இருக்கும்.

#20 நாலங்குலம்

8.5 செ.மீ.யில் இடது பெட்டி 52, வலது 50.5. இடது பள்ளம் 7.4 ஓம், வலது 9.1. 215 ஹெர்ட்ஸ் அருகில் இரண்டிலும் ஒரு சின்னச் சுருக்கம் தெரிகிறது.

#21 அலைநீளம்

215இல் சுருக்கம் எதிர்பார்த்ததுதான், குழாயின் அடுத்த ஒத்ததிர்வு. ஒரு ஓமுக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் என்றால் டிரைவருக்கு மேலே உள்ள பகுதியில் 10 கிராம் பஞ்சு சேருங்கள், கீழே அல்ல.

வலதைச் சரிசெய்யாமல் குழாயை வெட்ட வேண்டாம். டியூனிங் கீழே, பள்ளம் மேலே, இரண்டும் சேர்ந்து வந்தால் பஞ்சு போர்ட் பக்கம் இறங்கியிருக்கிறது என்பது என் ஊகம். ஒழுகல் மட்டும் என்றால் டியூனிங் பொதுவாக மேலேதான் போகும். டிரைவரைக் கழற்றி, விளக்கு விட்டு வலையைப் பாருங்கள்.

#22 நாலங்குலம்

வலை ஒரு பக்கம் கழன்று பஞ்சு தொங்கியிருந்தது. மறுபடி கட்டிய பின் வலது 52, பள்ளம் 7.5. இரண்டையும் 7 செ.மீ.க்கு வெட்டினேன், 54.5, 55. சுருக்கம் அரை ஓம். 4 ஓம், 1.2 மில்லிஹென்றி போட்டுக் கேட்கிறேன், குரல் சமமாக இருக்கிறது. ஆனால் சத்தம் கூட்டினால் சில பாடல்களில் கோன் கண்ணுக்குத் தெரியும்படி ஆடுகிறது, பாஸ் கேட்கவில்லை.

#23 குமிழ்விளக்கு

டியூனிங்குக்குக் கீழே போர்ட் கோனைப் பிடிக்காது, 30 ஹெர்ட்ஸில் அது வெறும் காற்றில் ஆடுகிறது. எக்ஸ்மேக்ஸ் 2.5 மி.மீ. மட்டுமே இருப்பதால் கோனைக் காக்க வேண்டும். ஸ்பீக்கரோடு தொடரில் பெரிய கெபாசிட்டர் போடாதீர்கள், அது இரண்டு இம்பீடன்ஸ் மேடுகளோடும் சேர்ந்து விசித்திரமாக நடந்துகொள்ளும். ஆம்பின் உள்ளீட்டில் சின்ன கெபாசிட்டர் போடுங்கள். உள்ளீட்டு மின்தடை 47 கிலோஓம் என்றால் 82 நானோஃபாரட், 41 ஹெர்ட்ஸிலிருந்து இறங்கும். பாலிப்ரொப்பிலின் வகை, இரண்டு சேனலுக்கும் ஒரே அளவாகப் பொறுக்கியது. ஆம்புக்குள் ஏற்கெனவே உள்ளீட்டுக் கெபாசிட்டர் இருந்தால் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைப் போடுவது சுலபம். வால்யூம் பொத்தான் உள்ளீட்டிலேயே இருந்தால் மின்தடை அதைப் பொறுத்தது, எனவே முதலில் அந்த மதிப்பை அளந்து, 47ஐ மாற்றிக் கணக்குப் போடுங்கள். 22 கிலோஓம் என்றால் 180 நானோஃபாரட் வரும்.

#24 தச்சுமேசை

குழாய ஒட்டறதுக்கு முன்னாடி வெட்டுன உள்முனைய உப்புத்தாளால உருட்டிடுங்க, பிசிறு இருந்தா அதுவே ஊதும். வெளிமுனைல 6 மி.மீ. உருட்டு பிட் ஓட்டலாம். அப்புறம் ஒட்டிட்டு, ஒரு மாசம் கழிச்சு டிரைவர் திருகு எல்லாத்தையும் மறுபடி ஒரு கால் சுத்து முடுக்குங்க. ஃபோம் பட்டை அமுங்கி தளர்ந்திருக்கும்.